சித்திரையில் பார்த்த வீடு

வீட்டின் பத்திரங்களை அப்பா நான்கு மாதம் பார்த்தார். வீட்டை இருபது நிமிடம் பார்த்தார்.

தஞ்சாவூரில் கரந்தை தாண்டி, திருவையாறு சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு நகரில் இருந்தது அந்த வீடு. 1988-இல் கட்டியது. மொசைக் தரை, முன்னால் கிராதி போட்ட திண்ணை, பின்னால் ஒரு வேப்பமரம். விற்றவர் அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மகன் திருச்சியோடு தங்கிவிட்டதால் அவரும் அங்கே போவதாக இருந்தார்.

எங்களிடம் இருந்த பணம் ஊரில் ஆறு மா நிலத்தை விற்று வந்தது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தப் பணத்தைத் தவறவிட்டால் அடுத்து விற்பதற்கு நிலம் கிடையாது.

நான் சென்னையில் ஃபிளாட் வாங்கியபோது யாரும் எதையும் பார்க்கவில்லை. வங்கியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார், பத்து நிமிடம் இருந்தார், நான்கு போட்டோ எடுத்தார், போய்விட்டார். வங்கியே பார்த்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தேன். முதல் ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறி, பெயின்ட் கொப்பளித்தபோதுதான் புரிந்தது. கடனை நான் கட்டாவிட்டால் ஃபிளாட்டை விற்று எடுக்க முடியுமா என்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார். நான் அதில் தூங்க முடியுமா என்பது அவர் வேலை இல்லை.

அதனால் அப்பாவிடம் சொன்னேன். காலேஜில் என்னோடு சிவில் படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டை ஒரு தடவை சோதித்துவிடலாம்.

"ஏண்டா, பொண்ணு பாக்கப் போன எடத்துல எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுவியா? சார் என்ன நெனப்பாரு?"

"முப்பது வருஷ வில்லங்கம் எடுத்தியேப்பா. அப்ப என்ன நெனச்சாரு?"

"அது பேப்பரு. இது அவரு வீடு."

இந்த வித்தியாசத்தைப் பிறகு நிறைய யோசித்தேன். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் கேட்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு இல்லை. எந்தத் தாத்தா எந்தப் பேரனுக்கு எழுதி வைத்தார் என்று குடைந்து கேட்கலாம். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்தால் அது சந்தேகம் ஆகிவிடுகிறது. ஆபீசில் பத்து வரி கோடு எழுதினாலும் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் உள்ளே போகாது, அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆயுள் சேமிப்பைப் போடும் வீட்டை மட்டும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

சட்டமும் வாங்குகிறவன் பக்கம் முழுதாக நிற்பதில்லை. புது வீடு என்றால் 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டி விற்றவர் சரி செய்து தர வேண்டும். பழைய வீட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கும்போது இருப்பது 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவு, விற்பவர் தனக்குத் தெரிந்த முக்கியமான குறையைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவருக்கே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. அந்தச் சாதாரண கவனம் நம்முடைய பொறுப்பு.

தை மாதம் நண்பன் வந்தான். ஒரு சின்ன சுத்தியல், டார்ச், ஒரு பாட்டில் ரசாயனம். சீலிங்கை அடி அடியாகத் தட்டிக்கொண்டே போனான். சமையலறை மூலையில் சத்தம் மாறியது, காலி டப்பாவைத் தட்டுவதுபோல. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைக் கீழே தள்ளும் என்றான். அந்த இடத்தில் கொஞ்சம் பெயர்த்து ஃபினால்ப்தலீன் அடித்தான். கான்கிரீட்டில் காரத்தன்மை மிச்சமிருந்தால் பிங்க் ஆகும், அதுவரை கம்பிக்குப் பாதுகாப்பு. வெளிப்பக்கம் நிறம் மாறவில்லை, உள்ளே போகப் போகப் பிங்க் வந்தது. "இது ஒரு மூலைதான், சரி பண்ணிடலாம்" என்றான். கதவு நிலைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் கரையான் பார்த்தான். சார் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் பக்கத்தில், தப்பு செய்தவர் மாதிரி.

கிளம்பும்போது நண்பன் சொன்னான்: "சுவரைப் பத்தி இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். மழை முடிஞ்சு மண்ணு ஊறிப்போய்க் கெடக்கு. இது நஞ்சையா இருந்து பிளாட் போட்ட எடம். சித்திரையில ஒரு தடவை பாக்கணும்."

அப்பாவுக்குக் கோபம். இன்னொரு பார்ட்டி வந்திருக்கிறது என்று சார் வேறு சொல்லியிருந்தார். அன்று ராத்திரி டல்லாஸில் இருக்கும் பெரியப்பா மகனிடம் பேசினேன். பழைய வீடு வாங்கும்போது அங்கே அதற்கென்றே ஒரு ஆளை வைத்துப் பார்ப்பது வழக்கம், எழுத்தில் ரிப்போர்ட் தருவார் என்றான். அந்த ஊர் மண்ணும் களிமண்தான். கோடையில் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்காமல் இருக்க, வீட்டைச் சுற்றி ஓட்டைக் குழாய் போட்டுத் தண்ணீர் விடுவார்களாம்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்துவிட்டார். "வீட்டுக்கும் மொற வச்சு தண்ணி வுடுறானுவளா?"

சிரித்தார், ஆனால் அதன்பிறகு அவசரப்படுத்தவில்லை. சித்திரை வரை பொறுத்துக்கொள்ளும்படி சாரிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மூன்று மாதமும் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

சித்திரையில் போனோம். தென்கிழக்கு அறையில், தை மாதம் சுண்ணாம்பு பூசி வழுவழுவென்று இருந்த சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு மேலே ஏறியிருந்தது. கீழே நூல் மாதிரி, மேலே ரூபாய்க் காசு நுழையும். பூச்சில் மட்டும் வரும் வெடிப்பு வலை மாதிரி கண்டபடி ஓடும், இப்படிச் சாய்வாக ஓடினால் அந்த மூலை இறங்குகிறது என்று அர்த்தம் என்றான் நண்பன்.

அப்பா வெளியே போனார். அந்த மூலைக்கு நேர் கீழே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குனிந்து, விழுந்து கிடந்த ஒரு தென்னங்குச்சியை எடுத்து வெடிப்புக்குள் விட்டார். ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. எங்கள் வயலில் ஒவ்வொரு கோடையிலும் அவர் செய்வது இது. கொஞ்சம் மண்ணை எடுத்து எச்சில் தொட்டு உருட்டினார். திரித்தார். நூல் மாதிரி வந்தது.

"வயக்காட்டு மண்ணுடா இது" என்றார். "நாப்பது வருஷம் பாத்துருக்கேன். இதுமேல ஒரு வீடு நிக்குதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

சார் பின்னாலேயே வந்து நின்றார். "வருஷா வருஷம் இப்புடித்தான் தம்பி. தண்ணி வந்து, மழையும் பேஞ்சா மூடிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிச்சிருவோம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்ற நினைத்தவரின் முகமாகத் தெரியவில்லை. முப்பது வருடம் அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது குறையாகவே படவில்லை, ஒரு பருவமாகத்தான் பட்டிருக்கிறது. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

நண்பன் காரணத்தையும் தேடினான். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் பாதியில் உடைந்து, மழைக்காலம் முழுக்க அதே மூலையில் கொட்டியிருக்கிறது. வெயில் காலத்தில் வேப்பமரம் அங்கிருந்தே ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் அளவுக்கு மீறி ஊறுவதும் காய்வதுமாக இருந்திருக்கிறது. மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றான். திடீரென்று வெட்டினால் ஈரம் தங்கி மண் உப்பிக்கொண்டு தரையைத் தூக்கும். கிளையைக் கழித்தால் போதும். குழாயை மாற்ற வேண்டும், வீட்டைச் சுற்றிச் சரிவாகத் தளம் போட வேண்டும், ஒரு கோடையும் ஒரு மழையும் பார்த்துவிட்டு அப்புறம் வெடிப்பைத் தைக்க வேண்டும். சமையலறை சீலிங்கும் சேர்த்து ஒரு தாளில் செலவு எழுதிக் கொடுத்தான்.

வேறு வீடு பார்க்கலாம் என்றேன். வல்லம் பக்கம் செம்மண் பூமி, இந்தத் தொல்லை குறைவு. அம்மா வேண்டாம் என்றாள். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தனியாகச் சாரைப் பார்க்கப் போனார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளில் இருந்த தொகையைக் கழித்துக்கொண்டு கிரயம் ஆனது. பால் காய்ச்சிய அன்று சார் வந்தார், சாப்பிட்டார், அம்மாவிடம் சமையலைப் பற்றிச் சொன்னார். அந்தத் தென்கிழக்கு அறைக்குள் மட்டும் போகவில்லை.

குடி வந்த முதல் கோடையில் வெடிப்பு மறுபடி திறந்தது. யாரும் பயப்படவில்லை. அது எங்கே நின்றதோ அங்கே அப்பா பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போட்டார். அடுத்த வருடக் கோடு அதற்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றது. நிலம் இருந்த காலத்தில் தண்ணீர் வந்த தேதியை டைரியில் எழுதுவார். இப்போது அந்த டைரி இல்லை, சுவர்தான்.

போன ஆனியில் போன் பண்ணினார்.

"மேட்டூர் தொறந்துட்டான். வெண்ணாத்துல தண்ணி வந்துருச்சு."

"சுவர் எப்படிப்பா இருக்கு?"

"இன்னும் மூடல. மழ பேயட்டும், பாப்போம்."