எடைக்குப் போகும் பூ

சென்னையில் ஓர் இயற்கை அங்காடியில் உள்ளங்கை அளவு கண்ணாடி பாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ பாகு. ‘இலுப்பைப் பூ சிரப், முன்னோர் மரபு’ என்று லேபிள். காய்ச்சியவர் யார், எந்த ஊர் என்ற விவரம் எதுவும் இல்லை. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். ஆனால் படம் எடுத்து அரியலூர் நண்பருக்கு அனுப்பினேன். “இதை எங்க சின்னம்மா வருஷா வருஷம் காய்ச்சுது. பங்குனியில வாங்க, காட்டுறேன்” என்று பதில் வந்தது.

அரியலூரில் இறங்கினால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள்தான் முதலில் வரவேற்கும். அந்தப் புழுதியைத் தாண்டி, பெரம்பலூர் வழியாக வேப்பந்தட்டைப் பக்கம் போனால் பச்சைமலை அடிவாரம் வரும். சின்னம்மாவின் ஊர் அங்கேதான். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் பழமொழிக்கு இந்த இரு மாவட்டங்களும் பொருந்தாது. எறையூரில் பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரியலூர் மாவட்டம் சாத்தமங்கலத்தில் இன்னொன்று. கரும்பு விளையும் சீமையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஏன் பூவிலிருந்து பாகு காய்ச்ச வேண்டும்?

இரவே போய்ச் சேர்ந்துவிட்டோம். இலுப்பை பூப்பதும் உதிர்வதும் இருட்டில்தான். பழந்தின்னி வௌவால்கள் பூவைத் தேடி வரும். மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவதில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு. விடியும் முன்பே சின்னம்மா பழைய நூல்புடவைகளை மரத்தடியில் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார். இலை உதிர்ந்த கிளைகளிலிருந்து சதைப்பற்றான வெளிர்மஞ்சள் பூக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தன.

“கீழ விழுந்தா மண்ணு ஒட்டிக்கும் தம்பி. மண்ணு போற மாதிரி கழுவுனா இனிப்பும் போயிரும்” என்றார்.

வட இந்தியாவில் இதன் உறவுமரமான மஹுவாவுக்கடியில் சருகைத் தீவைத்துக் கொளுத்திவிட்டுப் பூ பொறுக்கும் வழக்கம் உண்டு. கோடையில் காட்டுத்தீக்கு அதுவும் ஒரு காரணம். மத்தியப் பிரதேசத்தின் சில பகுதிகளில் இப்போது மரத்தடியில் வலை கட்டிப் பூவைப் பிடிக்கிறார்கள். மண் படாத பூவுக்கு வெளிநாட்டில்கூட ஆள் இருக்கிறது. அங்கே திட்டம் போட்டுச் செய்வதைச் சின்னம்மா கிழிந்த புடவையை வைத்துச் செய்கிறார்.

விழுவது பூவின் இதழ்க் குப்பி மட்டும்தான். பிஞ்சாகப் போகும் பகுதி கிளையிலேயே தங்கிவிடும். அதனால் பூவை எடுத்தால் காய் குறையாது. பங்குனியில் பூ கொடுத்த மரமே ஆடி வாக்கில் கொட்டையும் கொடுக்கும். கொட்டையிலிருந்து எண்ணெய், எண்ணெய் போனபின் தலைக்குத் தேய்க்கப் புண்ணாக்கு. கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் உகந்தது என்பதால் குளக்கரையிலும் கோயில் நிலத்திலும் தோப்பு தோப்பாக வைத்தார்கள். விளக்குக்கு வேறு எண்ணெய் வந்தபின் தோப்புகள் ஒவ்வொன்றாகக் கோடரிக்குப் போயின. சின்னம்மா பூ எடுக்கும் இடமும் ஒரு காலத்தில் தோப்பாக இருந்ததுதான். இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெயில் ஏறினால் பூ புளிக்கத் தொடங்கிவிடும். திண்ணையில் உட்கார்ந்து அவசரமாக ஆய்ந்தார்கள். ஒரு பூவை எடுத்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பின்பக்கமாக அழுத்த, உள்ளே சுவரோடு ஒட்டியிருந்த கேசரங்கள் கொத்தாகப் பிதுங்கின. நகத்தால் ஒரு சுண்டு, அவ்வளவுதான். அடுத்த பூ. அதை எடுக்காவிட்டால் பாகில் நறநறக்கும், லேசாகக் கசக்கும். அவர் விரல்களின் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. ஆய்ந்த ஒரு பூவை வாயில் போட்டேன். கடித்ததும் தண்ணீரும் இனிப்பும். பின்னாலேயே மூக்கில் ஏறும் கனத்த வாசனை. பிடித்தவருக்குப் பிடிக்கும்.

மற்றப் பூச் சர்பத்துகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பன்னீர் ரோஜா வாசனையைத் தரும், செம்பருத்தி நிறத்தைத் தரும், எலுமிச்சை பிழிந்தால் செக்கச் செவேலென்று ஆகும். 1907இல் டெல்லியில் பிறந்த ரூஹ் அஃப்ஸா முதல் நம் வீட்டு ரோஜா சர்பத் வரை எல்லாவற்றிலும் இனிப்பு சர்க்கரையுடையது. இலுப்பையில் பூவே சர்க்கரை. காய்ந்த பூவில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அந்தச் சர்க்கரையைக் கண்டு பயந்துதான் பம்பாய் மாகாண அரசு 1892இல் மஹுவாப் பூவைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. பூ இருந்தால் சாராயம் இருக்கும் என்ற கணக்கு. சின்னம்மா வீட்டு வாசலிலும் அன்று ஒருவர், “என்ன ஆத்தா, ஊறல் போட்டாச்சா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

பூவை வேகவைத்தார், பிழிந்தார், வடித்தார், மறுபடியும் அடுப்பேற்றினார், நுரை எடுத்தார். நெடுநேரம் புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் அவர் கதையைச் சொன்னார்.

எறையூரில் ஆலை வந்த காலத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாமியார் பூப் பாகு காய்ச்சுவதில் பேர் போனவர். கேழ்வரகுப் புட்டுக்கும் கொழுக்கட்டைக்கும் வீட்டில் அதுதான் இனிப்பு. கணவர் கரும்பு வெட்டப் போனார், இவர் கட்டுக் கட்டப் போனார். கூலி கையில் வந்ததும் வீட்டுக்குள் வெள்ளைச் சர்க்கரை வந்தது. விருந்தாளிக்குப் பூப் பாகு ஊற்றினால், “சீனி வாங்க வக்கில்லையா?” என்று கேட்டார்களாம். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டார். பல ஆண்டுகள் கழித்துக் கணவர் படுத்த படுக்கையானபோது, வீட்டைவிட்டுத் தூரம் போக முடியாத நிலை. வாசலுக்கு எதிரே மரம். “கூலிக்குப் போக முடியல சாமி, பூவுக்குப் போனேன்” என்றார். மாமியார் அப்போது இல்லை. ஆனால் அவருடைய கொட்டாங்கச்சி அகப்பை பரணில் இருந்தது.

அந்த அகப்பையால்தான் பதம் பார்த்தார். வெள்ளைச் சர்க்கரைப் பாகுபோல இதில் கம்பி பார்க்க முடியாது. அகப்பையிலிருந்து ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, நடுவே விரலால் கோடு இழுத்தார். இரு கரையும் உடனே சேர்ந்துகொண்டன. “தண்ணி இருக்கு.” சற்றுப் பொறுத்து மறு சொட்டு. இம்முறை கோடு யோசித்து யோசித்து மூடியது. விறகை இழுத்துவிட்டார். மூடாமலே நின்றால் பதம் தாண்டிவிட்டது, ஆறினால் கசக்கும் என்றார். சர்பத் தொழிலில் 65 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை நின்றால் பாகு எளிதில் புளிக்காது என்பார்கள். அதை அளக்க ஒரு கருவி உண்டு. இங்கே தட்டும் விரலும் போதும். காலையில் வந்த அன்னக்கூடைப் பூ ஒரு சின்னத் தூக்குவாளிக்குள் அடங்கிவிட்டது.

பானைத் தண்ணீரில் இரண்டு கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு கலந்து கொடுத்தார். பச்சைப் பூவின் கனத்த வாசனை அடங்கி, திராட்சை காய்ந்த மணம் வந்தது. கல்லூரியில் படிக்கும் பேத்தி இதை வெனிலா ஐஸ்கிரீம்மேல் ஊற்றிச் சாப்பிடுகிறாளாம்.

சரி, இதில் என்ன கிடைக்கிறது? கேட்டதும் சின்னம்மா சிரித்தார். வியாபாரி ஒருவர் வருகிறார். பாகைத் தொடுவதில்லை, காய்ந்த பூவை மட்டும் எடை போட்டு வாங்குகிறார். ஒரு கிலோவுக்குக் கொடுப்பது கடைத்தெருவில் டீயும் வடையும் சாப்பிடக் காணும். பூ காய்ந்தால் எடை அடிபட்டுப்போகும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஈரம் இருக்கிறது என்று சொல்லி ஒரு கழிவு வேறு. பட்டணத்தில் அந்தப் பூ பாகாகி, பாட்டிலாகி, ‘முன்னோர் மரபு’ ஆகிறது. யாருடைய முன்னோர்? அடுப்பை அணைத்துவிட்டுப் போன அந்த மாமியார்தானே முன்னோர்!

இடைத்தரகர் தில்லுமுல்லு என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. பூவாக விற்கும்வரை சின்னம்மா விற்பது வெறும் எடை. பூ யார் பொறுக்கினாலும் பூதான். அதற்கு விலை சொல்லும் உரிமை தராசு வைத்திருப்பவனுக்கே போகும். பாகாக விற்றால் அவர் விற்பது பதம். கோடு எப்போது மூடும் என்று தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர்? வியாபாரி பாகைத் தொடாததற்குக் காரணம் கெட்டுப்போகும் என்பதல்ல. பாகு வாங்கினால் பேரம் பேச வேண்டிவரும், பேரும் போட வேண்டிவரும்.

இதை மாற்றக் கோடிகள் வேண்டாம். வீட்டில் தயாரித்து விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய 2011ஆம் ஆண்டு விதிகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். மரத்தடிக்கு நல்ல வலை, வடிகட்டித் துணி, சூடு தாங்கும் பாட்டில், அச்சடித்த லேபிள். ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. கடன் வாங்கி மாடு வாங்குவார்கள், தையல் இயந்திரம் வாங்குவார்கள். பூப் பாகு ஒரு தொழில் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, சின்னம்மாவுக்கும்கூட. ரோட்டோரம் விழுந்து கிடப்பதைப் பெண்கள் விடியுமுன் பொறுக்கினால் அதற்குக் கூலிக் கணக்கே கிடையாது என்று நம் வீட்டிலும் ஊரிலும் வைத்திருக்கிறோமே, அந்த வழக்கத்தின் மீதுதான் வியாபாரி தராசை நிறுத்துகிறான்.

கிளம்பும்போது குழுவில் பேசிப் பார்க்கச் சொன்னேன். “லேபிள்ல என் பேரைப் போட்டா யாரு வாங்குவா?” என்றார். பேத்தி குறுக்கிட்டாள்: “ஊர்ப் பேரையும் போடு அப்பாயி. இந்த வருஷம் அந்த ஆளுக்குப் பூ குடுக்காத.”

சின்னம்மா உடனே பதில் சொல்லவில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்.