இன்னொந்து சல!

பெங்களூரில் வாழும் நம்மவரில், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கப்பன் பூங்காவுக்குச் சென்றிராத குடும்பம் அரிதாகவே இருக்கும். செலவு இல்லை, நிழல் உண்டு. 1870ஆம் ஆண்டில் உருவான அப்பூங்காவின் உட்சாலைகளில் ஞாயிறுதோறும் மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. ஆகையால் அன்று ஒரு நாள் அச்சாலைகள் குழந்தைகளின் ஆட்சிக்கு உட்படுகின்றன. சென்ற தை மாதத்தில் அத்தகைய ஒரு காலையில், உயர்நீதிமன்றச் செங்கட்டடத்துக்குச் சற்று அப்பால், நம் மகன் கையிலிருந்த பொரியுருண்டையை மறந்து நின்றுவிட்டான்.

ஐந்தாறு இளைஞர்கள் ஆளுக்கொரு பலகையின்மேல் நின்று உருண்டு வந்தார்கள். ஸ்கேட்போர்டு என்று அதற்குப் பெயர். சறுக்குப் பலகை என்று நாம் சொல்லிக்கொள்வோம். அவர்களுள் ஒருவர் சட்டென்று குதித்தார். பலகையும் அவர் காலோடு எழும்பி, நடைபாதை விளிம்பின்மீது ஏறி உட்கார்ந்தது.

"அப்பா, அந்த அண்ணன் குதித்தபோது பலகை எப்படிக் காலை விட்டுப் போகவில்லை?" என்று மகன் கேட்டான்.

"பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்" என்றோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது தந்தையருக்குப் பழக்கம்தானே!

தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவன் கேட்டான். கூடாது என்று சொன்னோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்ததைச் சற்று விளக்க வேண்டும். நம் தந்தையார் ஜோலார்பேட்டைப் பகுதியில் ரயில் பாதையில் கேங்மேனாக உழைத்தவர். நாம் பத்தாம் வகுப்புத் தேறிய ஆண்டில் அவர் காலமானார். கருணை அடிப்படையில் நமக்குக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. படிப்பு அத்தோடு நின்றது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்குப் பாதை திறந்த நாள் முதலாக எத்தனையோ தமிழர் அவ்வழியே பிழைக்க வந்தனர். நாமும் அவ்வழியேதான் வந்தோம். வந்த இடத்தில் நாம் கைக்கொண்ட விதி ஒன்றே: விழக் கூடாது. இங்கே விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? கை முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவது? இந்த அச்சத்தையே பத்திரமாகப் பொதிந்து மகனுக்குச் சொத்தாக வைத்திருந்தோம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் இரவு, அவனுடைய சட்டையைக் கழற்றிய நம் இல்லாள் திடுக்கிட்டு அழைத்தாள். இரு முழங்கைகளிலும் தோல் உரிந்து, பழைய காயத்தின்மேல் புதுக் காயம். அதட்டிக் கேட்டதில் உண்மை வெளிவந்தது. சனிக்கிழமைகளில் கணக்கு டியூஷனுக்கு என்று புறப்படுகிறவன், பாதி வகுப்பில் எழுந்து, நண்பன் ஒருவனோடு சறுக்குத் திடலுக்குப் போய் வந்திருக்கிறான். இரண்டு மாத காலமாக!

அடிக்கக் கை ஓங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. இல்லாள் இடையில் வந்து நின்று, "போய்ப் பார்த்துவிட்டு வந்து அடியுங்கள்" என்றாள்.

மறு சனிக்கிழமை மாலையில் அவனுக்குத் தெரியாமல் சென்றோம். கிழக்குப் புறநகரில், ஓர் ஏரிக்கரைக்குப் பின்னால், கட்டடம் எழாத ஒரு மனையில் இருக்கிறது அந்தத் திடல். அதன் இருப்பிடத்தை அச்சில் எழுத வேண்டா என்று அங்குள்ள இளைஞர்கள் கேட்டுக்கொண்டமையால் இவ்வளவோடு நிறுத்துகிறோம். மனைக்காரர் நல்லவர், வீடு கட்டத் தொடங்கும் வரையில் விளையாடிக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாக விட்டிருக்கிறார்.

பெரிய மைதானத்தை எதிர்பார்த்துச் சென்ற நமக்கு அங்கே கண்ணில் பட்டது, இரண்டு கல்யாண மண்டபப் பந்தியளவு சிமென்ட் தரை. ஒரு பக்கம் சுவர், நேராக நில்லாமல் அலைபோல் வளைந்து ஏறி, உச்சியில் ஓர் இரும்புக் குழாயோடு முடிகிறது. சுவரின் மறுபுறம் முழுவதும் சித்திரங்கள்: யானை ஒன்று பலகைமேல் நிற்கிறது, அதன் முதுகில் காபி டவரா. உடைந்த பலகைகளை வீசிவிடாமல் ஒன்றாய்ப் பிணைத்து உட்காரும் பெஞ்சு செய்திருக்கிறார்கள். ஒரு மரப்பெட்டியில் பழைய காலணிகளும், தலைக்கவசங்களும், முழங்காற் காப்புகளும் கிடக்கின்றன. வாங்க இயலாதவர் எடுத்து அணியலாம். போகும்போது திரும்ப வைக்க வேண்டும். பூட்டு இல்லை.

வளைவு எதற்கு என்று பின்னர் ஓர் இளைஞரைக் கேட்டோம். கடலலைமேல் சறுக்கி விளையாடிய கலிபோர்னியா வாசிகள் 1950களில் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தரைக்கு வந்தனராம். 1976, 77ஆம் ஆண்டுகளில் அங்கே கடும் வறட்சி நேர, வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. வெற்றுக் குளத்தின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறி இறங்கினார்கள். அந்தக் குளத்தின் நினைவே இன்று உலகெங்கும் சிமென்டில் நிற்கிறது. வறட்சியிலும் ஒரு விளைச்சல்!

பசையின் இரகசியமும் அங்கேதான் வெளிப்பட்டது. பலகையின் மேற்புறத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள் ஒட்டியிருக்கிறது. பசை அதன் அடியில் மட்டுமே, பாதத்தில் இல்லை. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் அடித்து, அதே கணத்தில் முன்காலை மேல்நோக்கி உரசி இழுத்தால் பலகை தானாகவே காலைப் பின்பற்றி எழுகிறது. 'ஆலி' என்பது இவ்வித்தையின் பெயர். 1970களின் இறுதியில் வளைந்த சுவரில் இதைச் செய்து காட்டிய அமெரிக்கர் ஆலன் கெல்ஃபண்டின் செல்லப் பெயர் அது. பின்னர் ராட்னி முல்லன் என்பவர் இதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார்.

இயந்திர அமைப்பைப் பற்றி ரயில்வேக்காரராகிய நாம் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியாது. பலகையைக் கவிழ்த்துப் பார்த்தோம். முன்னும் பின்னும் ஒவ்வோர் இருசு. ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரம். பாதத்தை ஒரு பக்கம் சாய்த்தால் நடுவிலுள்ள ரப்பர் நசுங்கி, இருசு அந்தப் பக்கம் திரும்புகிறது. நம் ரயில் பெட்டியின் அடியில் போகி என்பது வளைவுக்கேற்பத் திரும்பிக் கொடுக்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது என்று கண்டு மகிழ்ந்தோம். எலகங்காவில் ரயில் சக்கரம் வார்க்கும் ஆலை உள்ள ஊரில், இந்தச் சின்னச் சக்கரத்துக்கும் ஓர் இடம் இருப்பது பொருத்தந்தான்.

இவையெல்லாம் பிறகு அறிந்தவை. நாம் சென்று சுவர் மறைவில் நின்ற நேரத்தில், நம் மகன் வளைவின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். பலகையின் வால் குழாயின்மேல்; மறுபாதி அந்தரத்தில். முன்காலை ஓங்கி மிதித்து உடலையும் முன்னே எறிந்தால்தான் பலகை சுவரைப் பற்றும். பயந்து பின்னே சாய்ந்தால் பலகை ஓடிவிடும்; ஆள் மல்லாக்க விழுவான். அவன் சாய்ந்தான், விழுந்தான். நம் வயிறு கலங்கிற்று. ஓடித் தூக்கலாம் என்று காலெடுத்தோம். அதற்குள் கீழேயிருந்த ஒருவர், "இன்னொந்து சல!" என்றார். இன்னொரு தடவை என்று பொருள். இந்நகரில் வாழும் நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவர் இந்தியில் அதையே சொன்னார். ஒரு சிறுமி, வயது ஒன்பது இருக்கும், "எழுந்துக்கோ அண்ணா" என்று தமிழில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

குமாஸ்தாவின் பழக்கத்தால் எண்ணிக்கொண்டே நின்றோம். ஏழு முறை விழுந்தான். ஒவ்வொரு முறையும் விழுந்த விதத்தைப் பற்றிச் சுற்றியிருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் அவன் தோளைப் பிடித்துச் சாய்வைத் திருத்தினார். தம் முறைக்குக் காத்திருந்த பெரியவர்கள் முறையை விட்டுக்கொடுத்தார்கள். அலுவலகத்தில் ஒரு கடிதத்தில் ஒரு பிழை செய்தாலே முகத்தை ஒளித்துக்கொள்ளும் நமக்கு, பத்துப்பேர் நடுவில் ஏழு முறை விழுவது எத்தகைய துணிவு என்று அப்போதுதான் தோன்றிற்று.

எட்டாம் முறை பலகை சுவரைப் பற்றியது. சர்ரென்று இறங்கித் திடலின் மறுகோடி வரை ஓடினான். உடனே எல்லாரும் தத்தம் பலகையின் வாலால் தரையைத் தட்டினார்கள். டக், டக், டக் என்று ஏரிக்கரை வரை ஓசை. கைதட்டலுக்குப் பதிலாக இவ்விளையாட்டில் வழங்கும் மரியாதை அதுவாம்.

திரும்பியவன் நம்மைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. அதைப் பார்க்க நமக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்வதென்று அறியாமல், கையிலிருந்த குடையின் நுனியால் தரையை மூன்று முறை தட்டினோம்.

அன்று அவர்களோடு வெகுநேரம் பேசினோம். இந்நகரில் இவ்விளையாட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹோலிஸ்டோக்டு கலெக்டிவ் என்னும் இளைஞர் கூட்டத்தார், 2013ஆம் ஆண்டில், லீவைஸ் கம்பெனியின் பொருளுதவியோடு, ஜெர்மனியிலிருந்து வந்த தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, கட்டணமில்லாத ஒரு சறுக்குத் திடலைத் தம் கைகளாலேயே பெங்களூரில் கட்டினார்கள். பிறகு நாட்டின் வேறு ஊர்களிலும் திடல்கள் எழக் கைகொடுத்தார்கள். பெங்களூர்ப் பெண்ணான அதிதா வர்கீஸ் என்பவர், பெண்களும் இதில் இறங்க வேண்டும் என்று 2015இல் 'கேர்ள் ஸ்கேட் இந்தியா' என்னும் முயற்சியைத் தொடங்கினார்.

நம் தமிழ்நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தி, கால்களில் செருப்பின்றிப் பலகை ஏறிய படம் உலகெங்கும் பரவியது. அவளையும் அவளைத் தனித்து வளர்த்த தாயாரையும் பற்றி 'கமலி' என்ற குறும்படம் 2019இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் பாஃப்டா விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. இதைச் சொன்ன இளைஞர் கன்னடியர். நமக்கு அது புதிய செய்தி. சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இன்னொரு காட்சியையும் அவர் கைப்பேசியில் காட்டினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. போட்டிகள் 2021இல் நடந்தன. ஜப்பானின் மிசுகு ஒகமோதோ, வயது 15, பதக்கம் பெறுவார் என்று எல்லாரும் நம்பியவர், இறுதிச் சுற்றில் தவறி விழுந்து நான்காம் இடத்துக்குப் போனார். அழுதுகொண்டே வெளியே வந்தவரை, அவரோடு போட்டியிட்ட வேற்று நாட்டுப் பெண்கள் ஓடிவந்து தோளில் தூக்கிக்கொண்டார்கள். பதக்கம் பெற்றவர்களின் படத்தைக் காட்டவில்லையே என்று கேட்டோம். "அதை எல்லாரும் பார்த்திருப்பார்கள், அங்கிள்" என்றார்.

வீட்டில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. பொய் கூடாது, டியூஷனை முழுதும் முடித்த பிறகே திடல், தலைக்கவசம் இல்லாமல் பலகையில் ஏறக் கூடாது. மகன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தான். இல்லாள் இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறாள். நாமும் அச்சத்தை விட்டுவிட்டோம் என்று எழுதினால் அது உண்மையாகாது. சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதவு தட்டப்படும் வரை காது அங்கேயே இருக்கிறது.

இதற்கிடையில் நமக்கு அங்கே ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. இரண்டாவது வளைவு ஒன்று கட்டுவதற்காக இளைஞர்கள் பணம் சேர்க்கிறார்கள். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைக் கண்டு நமக்குத் தலை சுற்றிற்று. பன்னிரண்டு மூட்டை சிமென்டை எழுதியவர்கள் மணலை எழுதவில்லை. கம்பிக்கு இரண்டு முறை எழுதியிருந்தார்கள். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு போட்டு மூன்று மாலைகளில் நேர்செய்தோம். ஐந்து ரூபாய் கொடுத்த பையன் பெயரும் அதில் இருக்கிறது. மனைக்காரர் நாளைக்கே வீடு கட்டக் கிளம்பினால் இவ்வளவு சிமென்டும் வீண்தானே என்று கேட்டோம். "அதுவரைக்கும் இருக்குமே" என்றார்கள். ஓய்வு பெறும் நாளில் காலி செய்ய வேண்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில், முற்றத்தில் முருங்கை நட்டு வைத்திருக்கிறோம் நாம். ஆகவே மேலே வாதாடவில்லை.

வளைவு கட்டும் முறை எளிதன்று. ஒட்டுப்பலகையை வில்போல் அறுத்து அச்சாக நிறுத்தி, உள்ளே இடிபாடும் மண்ணும் இட்டுக் கெட்டித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக ஏற்றி இழைக்க வேண்டும். நம் பக்கத்துத் தெருவில் வசிக்கும் திருவண்ணாமலை மேஸ்திரி ஒருவரை அழைத்துப்போய்க் காட்டினோம். அவர் வளைந்த சுவரை இரண்டு முறை கையால் தடவிப் பார்த்தார்.

"முப்பது வருஷமாத் தூக்குக்குண்டு பிடிச்சுச் சுவரை நேராக்கியே பழக்கம். வளைக்கக் கூலி கொடுக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார்.

கூலி இல்லை, சாப்பாடு மட்டுந்தான் என்று சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, மட்டக்கட்டையை யார் கொண்டுவருவது என்று கேட்டார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கலவை போடுகிறார்கள். எழுபது பேருக்குப் புளியோதரை. அதில் பாதி நம் வீட்டிலிருந்து.