மணலுக்கும் தாருக்கும் ஒரு சைக்கிள்

எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்குவது வீட்டுக்கு நிலை வைப்பதைப் போன்ற காரியம். அது ஒருவருக்கென்று வருவதில்லை. வீட்டிலுள்ள எல்லோரும் அதன் வழியாகத்தான் வெளியே போய் வரவேண்டும். ஆகவே நிறமும் விலையும் பார்த்தால் மட்டும் போதாது. யார் யார் ஏறப்போகிறார்கள், எந்த நிலத்தில் ஓடப்போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். தலவில இருப்பது கற்பிட்டிக் குடாநாட்டில். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணல் தரை. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பிரதான வீதி தார். அதிலிருந்து இறங்கினால் கிரவல். கிரவலும் முடிந்தால் மிளகாய்த் தோட்டங்களுக்கும் மீன் வாடிகளுக்கும் போகும் வெறும் மணல் ஒழுங்கைகள். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகக் காற்று. 2010 இல் மாம்புரியில் காற்றாலைகளை நட்டதே இந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்தவருக்குத்தான் அதன் பலம் தெரியும்.

சென்ற வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஒரு மாணவன், தன் வாப்பாவையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். வெங்காயம் விற்ற காசு கொஞ்சம் கையில் இருந்தது.

"ஒரு சைக்கிள்தான் சேர் வாங்க ஏலும். ரேஸ் ஓடவும் வேணும், ஊருக்குள்ள ஓடவும் வேணும்" என்றான்.

"மீன் பெட்டி வைக்க கெரியரும் வேணும்" என்றார் வாப்பா.

அவன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். கடற்கரை மணல் மேடுகளுக்கிடையே சேறு பூசிய இளைஞர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மணல் ஆழமாகும் இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். மேட்டைத் தாண்டியதும் மறுபடி ஏறி ஓட்டம். "இது நம்மட மணல் மாதிரியே இருக்கு சேர்" என்றான். அவன் சொன்னது சரி. அந்த இடம் பெல்ஜியத்தின் வடகடல் கரையிலுள்ள கொக்சைடே. சைக்ளோகுரொஸ் என்னும் அந்தப் போட்டியின் உலக சாம்பியன் பட்டத்துக்கான ஓட்டம் 1994 இலும் 2012 இலும் அங்கே நடந்திருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்தது பிரான்ஸில். வீதியில் ஓடும் வீரர்கள் குளிர்காலத்தில் உடம்பு தளராதிருக்க வயலும் வேலியும் தாண்டிச் சைக்கிளோடு ஓடிப் பழகினார்கள். 1902 இல் டானியல் கூசோ என்பவர் அதைத் தேசியப் போட்டியாக நடத்தினார். முதல் உலகப் போட்டி 1950 இல் பாரிஸில் நடந்தது. பழைய வீரர்களில் எனக்குப் பிடித்தவர் ஒய்ஜென் கிறிஸ்தோப். சைக்ளோகுரொஸில் பலமுறை பிரெஞ்சுச் சாம்பியனானவர் அவர். 1913 இல் டூர் டி பிரான்ஸ் ஓட்டத்தின்போது மலை இறக்கத்தில் அவரது சைக்கிளின் முன் கவை முறிந்தது. பிறர் உதவி பெறக்கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு 10 கிலோமீற்றருக்கும் மேல் நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அதைக் காய்ச்சி ஒட்டினார். துருத்தியை ஊத ஒரு சிறுவனை வைத்துக்கொண்டதற்காக அவருக்குத் தண்ட நேரம் விதித்தார்கள். பாரிஸ் வரை அவர் ஓடி முடித்தார்.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீரர்கள் ஓட்டும் சைக்கிள் நம் வீட்டுக்கு ஒத்துவருமா?

சைக்ளோகுரொஸ் சைக்கிள் பார்வைக்கு ரேஸ் சைக்கிள்தான். வளைந்த ஹேண்டல், பாரம் குறைந்த பிரேம். ஆனால் டயர் அகலம், அதில் பட்டன்கள் இருக்கும். சேறு சிக்காதபடி டயருக்கும் பிரேமுக்கும் இடையில் தாராளமாக இடைவெளி விட்டிருப்பார்கள். சர்வதேசப் போட்டியில் டயரின் அகலம் 33 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. தோளில் மாட்ட வசதியாகப் பாரை உயரத்தில் வைத்திருப்பார்கள். போட்டிக்கென்றே செய்த பல பிரேம்களில் கெரியர் பூட்டத் துளை இருக்காது, மட்காட்டுக்கும் இருக்காது. விலையோ பல இலட்சம்.

வாப்பாவுக்குக் கெரியர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கிய குடும்பங்களில் ஒன்று. அகதி முகாமில் ஓலைக் குடிசைக்குள் இருந்துகொண்டு அந்தப் பையனின் மூத்தவாப்பா முதன்முதலில் வாங்கிய பெறுமதியான பொருள், ஒரு பழைய சைக்கிள். அதன் கெரியரில் மீன் பெட்டி கட்டித்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். அந்த வீட்டில் கெரியர் இல்லாத சைக்கிள், அடுப்பில்லாத குசினி.

நான் இன்னொரு கேள்வி கேட்டேன். "தங்கச்சி எதில டியூஷனுக்குப் போறா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒன்பதாம் தரம். கணிதத்தில் கெட்டிக்காரி. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் பலர் சைக்கிளில் ஏறினார்கள். பெற்றோல் வந்த பிறகும் சிலர் இறங்கவில்லை. அவளும் அப்படித்தான், வாப்பாவின் பழைய சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தாள். உயர்ந்த பாரும் மூடாத செயினும் உள்ள சைக்கிளில் அபாயாவுடன் ஒரு பிள்ளை ஏற ஏலாது. அண்ணன் ரேஸுக்குப் பொருத்தமானதை வாங்கினால் தங்கையின் வகுப்பு நின்றுபோகும். வருடத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டத்துக்காக இருநூறு நாள் படிப்பை விற்கலாமா?

நான் சொன்ன யோசனை இதுதான். பிரேமை வீட்டுக்காகத் தேர்ந்தெடுங்கள், டயரைப் போட்டிக்காகத் தேர்ந்தெடுங்கள். பிரேம் ஒருமுறை வாங்கினால் பல வருடம் இருக்கும். டயரை ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். இரண்டுக்குமான சமரசத்தைப் பிரேமில் செய்தால் இரண்டும் கெடும். டயரில் செய்தால் இரண்டும் பிழைக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் நேரான ஹேண்டலும் கியரும் உள்ள ஒரு வகை உண்டு. அதில் பார் பின்னோக்கிச் சரிந்திருப்பதைப் பார்த்து எடுக்கச் சொன்னேன். அப்படியானால் தங்கை சைக்கிளைச் சற்றுச் சாய்த்து ஏறிவிடலாம். கெரியருக்கும் மட்காட்டுக்கும் துளை இருக்கவேண்டும். செயினுக்கு மூடி போட இடம் வேண்டும். டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் விரல் நுழைகிறதா என்று பார்க்கவேண்டும். நுழைந்தால் 35 மில்லிமீற்றர் டயர் போடலாம்.

டயர் அளவிலும் கவனம் வேண்டும். பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சில்லும் ரேஸ் சைக்கிளின் 700 சீ என்னும் சில்லும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் டயர் உட்காரும் விட்டம் முன்னதில் 635 மில்லிமீற்றர், பின்னதில் 622. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. 29 அங்குலம் என்று விற்கும் மலைச் சைக்கிளுக்கும் 622தான். நம் சைக்கிள் கடைகளில் எந்த டயர் கிடைக்கிறது என்று விசாரிக்காமல் சில்லைத் தெரிவு செய்வது, ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பதற்குச் சமம்.

காற்றும் அப்படித்தான். கொக்சைடே மணலில் ஓடுபவர்கள் 25 இறாத்தலுக்கும் கீழே காற்றை இறக்குவார்கள். டயர் பரந்து மணலில் மிதக்கும். அவர்களது டயர் ரிம்மோடு பசையால் ஒட்டப்பட்டது, அல்லது டியூப் இல்லாதது. சாதாரண டியூப் போட்டு அவ்வளவு இறக்கினால் கல்லில் இடித்ததும் டியூப் நசுங்கிக் காற்றுப் போகும். மெலிந்த பையன் 40 இறாத்தலில் மணலைக் கடக்கலாம். மீன் பெட்டியோடு தாரில் போகும் வாப்பாவுக்கு 60 வேண்டும். ஒரு நல்ல கைப்பம்பு வீட்டில் இருக்கட்டும் என்றேன். உப்புக் காற்றுக்கு அலுமினியப் பிரேம் நல்லது. ஆனால் ஆணியும் செயினும் இரும்புதான். கிழமைக்கொருதரம் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். மணல் ஒட்டிய பிரேக் கட்டை ரிம்மை அரித்துவிடும்.

அப்படி ஒரு சைக்கிளைப் புத்தளத்தில் தேடி வாங்கினார்கள். பையன் பட்டன் டயர் ஒரு சோடி தனியாக வாங்கி வைத்துக்கொண்டான். தங்கை இரண்டு நாளில் ஏறப் பழகிவிட்டாள்.

சித்திரையில் பக்கத்து ஊரில் நடந்த போட்டியின் பாதையில் தாரும் கிரவலும் ஒரு துண்டு மணலும் இருந்தன. முதல்நாள் மாலை கெரியரைக் கழற்றும்போது, "நாளைக்கு மீனுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "நாளைக்கு ஏவாரம் இல்ல சேர்" என்றார் வாப்பா. ஒரு நாள் வருமானத்தை அவர் மகனுக்குக் கொடுத்தது அவ்வளவு சுருக்கமான பேச்சில் முடிந்தது.

மணல் துண்டில் மற்றவர்கள் மிதித்துப் புதைந்தபோது இவன் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சனம் சிரித்தது. மறுபக்கம் ஏறியபோது நாலு பேரைத் தாண்டியிருந்தான். தாரில் மெல்லிய டயர்க்காரர்கள் இருவர் அவனை மறுபடி பிடித்தார்கள். ஆறாவதாக வந்தான். பரிசு ஐந்து பேருக்குத்தான்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்கு வந்த வாப்பாவின் சைக்கிளில் கெரியர் பூட்டியிருந்தது. டயரை மட்டும் மாற்றவில்லை. "இருக்கட்டும் சேர், வாடிக்குப் போற மணலுக்கு இதுதான் நல்லா இருக்கு" என்றார்.