மூன்றாவது பின்

என் தாய்மாமா கிட்டார் வாசிப்பார். 'வாசிப்பார்' என்பது நான் சொல்வது. அத்தையைக் கேட்டால் 'சத்தம் பண்ணுவார்' என்பாள். எண்பதுகளில் திருச்சி வட்டாரத்துத் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் எல்லாவற்றிலும் அவருடைய மெல்லிசைக் குழு இருக்குமாம். குழுவின் ஒரே அசையும் சொத்து ஓர் ஆம்ப்ளிஃபயர். அமெரிக்காவில் 1965-ல் செய்தது. கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்து மாமா தலையில் கட்டிவிட்டுப் போனது. நம் ஊர் 230 வோல்ட்டை அதற்குத் தோதாகக் குறைக்கக் கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டி. ஆம்ப்ளிஃபயருக்குள் வால்வுகள். ஸ்விட்சைப் போட்டால் அரை நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாய் திறக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஆபீஸ் மேனேஜர் மாதிரி.

அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மாமா கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் பாடப் போனால் உதட்டில் சுரீர் என்று ஒரு கடி. அதற்கு மாமா வைத்த பெயர் 'முத்தம்'. வைத்தியமும் அவரே கண்டுபிடித்தார். பின்பக்கம் 'கிரவுண்ட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை மாற்றிப் போடுவார். அடங்காவிட்டால் ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகுவார். ரெண்டு பின்தானே, எப்படிப் போட்டாலும் நுழையும். முன்ஜாக்கிரதைக்கு, மேடையேறும்போது ரப்பர் செருப்பு.

1988-ல் ஓர் அம்மன் கோயில் திருவிழா. சாமிக்கு எதிரே மேடை. 'செருப்பைக் கழற்றுங்க' என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மழை வேறு. ஈரப் பலகையில் வெறுங்காலோடு நின்று, முதல் வரிக்கு வாயை மைக்கிடம் கொண்டுபோனார். அடுத்த விநாடி டிரம்ஸ் மேல் கிடந்தார். டான்ஸ் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது! தபேலாக்காரர் பாய்ந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கியதால்தான் அத்தைக்கு இன்னும் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது. கிட்டார் கம்பி சுட்ட தழும்பு மாமாவின் இடது கை விரல்களில் இன்றும் கோடு கோடாக இருக்கிறது. அன்றைக்குப் பரண் ஏறியது பெட்டி.

போன வருஷம் அக்கா பையன் அதைக் கீழே இறக்கினான். அவனுக்குப் பதினைந்து வயது, கையில் புது கிட்டார். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இப்போது ஏக கிராக்கியாம். நான் பி.காம். 'கிராக்கி' என்றாலே காது நிமிர்ந்துவிடும். ஒரிஜினலாக, கம்பெனி போட்ட ஒயரோடு இருந்தால் மதிப்பு அதிகம் என்றான். "பாத்தியா? ஒண்ணையும் மாத்தக் கூடாது!" என்றார் மாமா பெருமையாக. நானும் தலையாட்டினேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: விற்றால் என்ன வரும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால், பையன் மொசைக் தரையில் வெறுங்காலோடு, ஒரு கையில் கிட்டார், இன்னொரு கையில் ப்ளக்கோடு சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அவ்வளவுதான். கணக்கு எல்லாம் மறந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டேன்.

சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு சந்தில் பழைய வால்வு ரேடியோக்களைப் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆம்ப்ளிஃபயரைத் திறந்தவர், சிவப்பு உறை போட்ட சின்ன உருளை ஒன்றை விரலால் காட்டினார்.

"உங்க மாமாவுக்கு முத்தம் குடுத்தது இதுதான் தம்பி."

அது ஒரு கண்டன்ஸர். கரென்ட் வரும் ஒயர் ஒன்றுக்கும் இரும்புச் சேஸிஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. இரைச்சலைக் குறைப்பதற்காக அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளில் இப்படி வைத்தார்கள். அந்த 'கிரவுண்ட்' ஸ்விட்ச், அதை எந்த ஒயரோடு சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான். நல்ல நிலையில் இருக்கும்வரை ரெண்டு மூன்று மில்லி ஆம்பியர்தான் கசியும். அதுதான் சுரீர். ஐம்பது அறுபது வருஷத்தில் கண்டன்ஸர் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், சேஸிஸே நேரே மெயின்ஸ்! சேஸிஸிலிருந்து கேபிளின் மேலுறை வழியாகக் கிட்டார் கம்பிக்கு வந்துவிடும். வேறு ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்த மைக்கோ எர்த்தில் இருக்கும். நடுவில் பாலம் யார்? பாடகர். அமெரிக்க மெக்கானிக்குகள் இந்த உருளைக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'டெத் கேப்'.

எர்த் சரியில்லாததால் அடிபட்டவர் மாமா மட்டுமில்லை. 1965 டிசம்பரில் சாக்ரமென்டோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டு, அவர் நினைவிழந்து விழுந்தார். ரப்பர் அடி வைத்த ஷூதான் காப்பாற்றியது என்று சொல்வார்கள். மாமா கட்சி! 1972 மே மாதம் பிரிட்டனின் ஸ்வான்ஸீ நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டாரிஸ்ட் மேடையிலேயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27.

பெரியவர் வேலையை ஆரம்பித்தார். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நான் உள்ளே விரல் நீட்டினேன். கையில் ஒரு தட்டு.

"உள்ளே பெரிய கண்டன்ஸர்ல நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம். கரென்டை நிறுத்துனா அது போயிடாது. ஒரு கையைப் பாக்கெட்ல வச்சுக்கணும். ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் போகும்."

"ஐயா, நீங்க லுங்கி கட்டியிருக்கீங்களே?"

"அதான் இடுப்புல சொருகியிருக்கேன்."

ஒரு ரெஸிஸ்டரை வைத்து அந்தக் கண்டன்ஸர்களை மெதுவாக வடித்தார். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைத்தார். அந்தச் சின்ன உருளையை வெட்டி எறிந்தார். 'கிரவுண்ட்' ஸ்விட்சைக் கழற்றிவிட்டார். புதிதாக மூன்று கோர் ஒயர். பேஸ் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து ஸ்விட்சுக்கு, பிறகு டிரான்ஸ்பார்மருக்கு. நியூட்ரல் டிரான்ஸ்பார்மரின் இன்னொரு முனைக்கு. (ஃபியூஸை நியூட்ரலில் போட்டால், ஃபியூஸ் போன பிறகும் உள்ளே உயிர் இருக்கும்.) பச்சை ஒயருக்கென்று தனி போல்ட், பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கினார். மற்ற ரெண்டையும்விட அதைக் கொஞ்சம் நீளமாக விட்டார். யாராவது காலில் மாட்டி இழுத்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டுமாம். ஸ்டெப்-டவுன் பெட்டிக்கும் மூன்று கம்பி போட்டு, எர்த் அதைத் தாண்டி ஆம்ப்ளிஃபயர் வரை போகிறதா என்று பார்த்தார். ஆபீஸ் நண்பர்களே, இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்குரு டிரைவரோடு உட்கார வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

"விக்கறப்போ விலை குறையுமோ?" என்று இழுத்தேன்.

"குறையும். ஆனா வாங்கறவன் அடுத்த மாசமும் இருப்பான்."

கிளம்பும்போது, "வீட்டு சுவத்துல எர்த் இருக்கான்னு பாருங்க" என்றார். "மூணு ஓட்டை இருக்கே ஐயா?" என்றேன். சிரித்தார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து மாமா வீட்டு சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்தார். எரியவில்லை. தட்டைக் கழற்றினால், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. முப்பது வருஷமாக அது வெறும் அலங்காரம்! கிரைண்டர், ஃப்ரிட்ஜ், அத்தை எல்லாரும் அந்த ஓட்டையை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். கொல்லையில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, வீடு முழுக்கப் பச்சை ஒயர் இழுத்தோம். மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் பண்ணுகிற ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தோம். ஆம்ப்ளிஃபயரை விற்றால் வந்திருக்கக்கூடிய லாபம் வராமலே செலவாயிற்று.

அன்று சாயங்காலம் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். அத்தை சமையலறை வாசலில் நின்றாள். கை மெயின் ஸ்விட்ச் மேல். மாமா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மைக்கில் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. முழுப் பாட்டையும் பாடினார்.

முடித்ததும் உதட்டைத் தடவிப் பார்த்தார்.

"என்னமோ குறையுதுடா" என்றார்.

அத்தை அப்போதுதான் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள்.