காடும் கடலும்: எங்கே தங்குவது?

விடுமுறையில் தாயகம் செல்லும் நம் குடும்பங்களுள் பல, திருப்பதிக்குச் செல்லாமல் திரும்புவதில்லை. ஆயினும் பெரும்பாலோர் காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டு, மலையப்பனைத் தரிசித்து, மறுநாளே திரும்பிவிடுகின்றனர். தமிழகத்தின் வட எல்லையெனப் பழந்தமிழ் நூலார் குறித்த வேங்கடம், நம் குழந்தைகளின் நினைவில் நீண்டதொரு வரிசையாக மட்டுமே நிற்கிறது. அம்மலையைச் சூழ்ந்த காட்டையும், அதற்குக் கிழக்கே பரந்து கிடக்கும் கடற்கழியையும் அவர்கள் காண்பதில்லை. வாழும் நாட்டில் கேரவன் வண்டியிலும் கூடாரத்திலும் தங்கிப் பழகிய அன்பர் சிலர், "அங்கும் அவ்வாறு நான்கைந்து இரவுகள் தங்க இயலுமா?" என வினவுகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

முதலில் நிலப்படத்தைப் பார்ப்போம். பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூளூர்ப்பேட்டைப் பகுதி அதனுடன் சேர்ந்தது. அதனால் மேற்கே சேஷாசலக் காடும், கிழக்கே வங்கக் கடலும் ஒரே மாவட்டத்துள் அடங்கின. ஓரிடத்தில் தங்கி இரண்டையும் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் காட்டிலுள்ள தலகோனாவுக்கும் சூளூர்ப்பேட்டைக்கும் இடையே சாலைவழி 100 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்வர முயன்றால் முதியோர் களைத்துவிடுவர். குழந்தைகள் வண்டியிலேயே உறங்கிவிடுவர். ஆகவே இரவுகளைக் காட்டுக்கும் கரைக்குமாகப் பங்கிட்டுக்கொள்வதே நன்று.

அயல்நாடுகளில் கேரவன் திடல்களில் குழாய்நீர், மின்சாரம், கழிவுநீர் வடிகால் யாவும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இவ்வட்டாரத்தில் அத்தகைய திடல்கள் இன்னும் பெருகவில்லை. மாட்டுவண்டிக் காலத்தில் நம் முன்னோர் சத்திரங்களை நாடினர். கிணற்று நீர், மரநிழல், பிற வழிப்போக்கரின் துணை ஆகிய மூன்றும் உள்ள இடத்தில்தான் மாட்டை அவிழ்த்தனர். அம்மூன்று சோதனைகளும் இன்றும் பொருந்தும். கண்ணுக்கு இனிய இடமெல்லாம் கண்மூட ஏற்ற இடமன்று.

ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்கா 1989இல் அமைந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் இங்கே வளர்கிறது. தேவாங்கு, கரடி, சிறுத்தை, பாறை இடுக்கில் வாழும் பொன்னிறப் பல்லி ஆகியவையும் உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிப் பூங்காவுள் நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றமாகும். செம்மரக் கடத்தலைத் தடுக்கக் காவலும் கடுமையாக உள்ளது. காட்டுப் பாதையில் இரவில் நிற்கும் வெளியூர் வண்டி ஐயத்துக்கு உள்ளாகும். எனவே விரும்பிய மரத்தடியில் கூடாரமடிக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

காட்டில் தங்க இரண்டு இடங்கள் ஏற்றவை. ஒன்று தலகோனா. அங்கே அருவி ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அருகே சித்தேசுவரர் கோயிலும், மரங்களை முறுக்கிப் படர்ந்த பெருங்கொடிகளும் உண்டு. தங்கும் அறைகளும் உள்ளன. முன்பதிவு செய்துகொண்டே செல்ல வேண்டும். வழியில் பாக்கராப்பேட்டை மலைச்சாலையில் வளைவுகள் மிகுதி. பகலிலேயே கடந்துவிடுவது நலம். மற்றொன்று திருப்பதியிலிருந்து கடப்பை செல்லும் சாலையிலுள்ள மாமண்டூர். பிரிட்டிஷார் காலத்து வன விடுதி ஒன்று அங்கே இருக்கிறது. அருவியும் நடையும் விரும்புவோர்க்குத் தலகோனா. நகரத்துக்கு அணித்தே இருக்க விரும்பும் முதியோர்க்கு மாமண்டூர்.

எங்கே தங்கினும் பொழுது சாய்ந்தபின் குழந்தைகளை வெளியே விடலாகாது. 2023 ஆகஸ்டில், ஆயிரக்கணக்கானோர் நடக்கும் அலிபிரி நடைபாதையிலேயே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின் பிற்பகலுக்குமேல் சிறுவர் மலையேறக் கட்டுப்பாடு வந்தது. கூட்டமுள்ள பாதையே அவ்வாறாயின், தனித்த கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கடற்கரை. திருப்பதியிலிருந்து திருக்காளத்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்ப்பேட்டையை அடையலாம். வழியில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம் உள்ளது. நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காட்சியைக் குழந்தைகள் மறவார். சூளூர்ப்பேட்டைக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுவே. அதன் குறுக்கே செல்லும் சாலையோரத்திலிருந்தே பூநாரைக் கூட்டங்களைக் காணலாம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்படுகின்றன. பொதுமக்கள் பார்ப்பதற்கு 2019இல் அங்கே காட்சி மாடம் திறக்கப்பட்டது, முன்பதிவு இன்றியமையாதது. மற்றபடி தீவினுள் அனுமதியின்றிப் போக இயலாது.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி உறங்கும் ஆசை எழலாம். ஆயினும் குடிநீரும் நிழலும் துணையும் இல்லாத உப்புவெளி அது. சூளூர்ப்பேட்டை ஊருக்குள் விடுதியில் தங்கி, விடியற்காலையில் ஏரிக்குச் செல்வதே தக்கது. ஏரியின் தென்கோடியில், தமிழ்நாட்டுப் பழவேற்காட்டில், 2011 டிசம்பர் 25ஆம் நாள் படகு கவிழ்ந்து, உல்லாசப் பயணம் வந்த 22 பேர் மாண்டனர். படகுச் சவாரிக்கு யாரேனும் அழைத்தால் இதனை நினைவிற்கொள்க.

பறவைகள் மிகுதியாக இருப்பது அக்டோபர் முதல் மார்ச் வரை. அருவிக்கு மழைக்குப் பிந்திய மாதங்கள் ஏற்றவை. நவம்பரில் புயலும் பெருமழையும் வரக்கூடும். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. எனவே தை, மாசியே சிறந்த பருவம். மார்கழியில் செல்வோர், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை எண்ணித் திருப்பதி அறையை நெடுநாள் முன்பே உறுதி செய்க.

ஐந்து இரவுகளுக்கு ஒரு திட்டம் சொல்வோம்: திருப்பதியில் இரண்டு, காட்டில் இரண்டு, சூளூர்ப்பேட்டையில் ஒன்று. அங்கிருந்து சென்னை 100 கிலோமீட்டருக்குள் இருப்பதால் திரும்புவது எளிது. சமையல் வசதியுள்ள வண்டியில் செல்வோர் ஒன்று அறிக: புலால், மது, புகையிலை ஆகியவற்றைத் திருமலைக்குக் கொண்டுசெல்லத் தடை உண்டு, அலிபிரியில் வண்டிகளைச் சோதிப்பர். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். சித்தூர், புத்தூர், நகரிப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர்.

வேலூரிலிருந்து சித்தூர் வழியாக வருவோர்க்கு இன்னொரு செய்தி. அம்மாவட்டத்தின் பலமநேர், குப்பம் பக்கத்தில் கௌண்டின்யா சரணாலயம் உள்ளது. ஆந்திரத்தில் நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த அக்காட்டுக்கு, 1980களில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் இடம்பெயர்ந்து வந்தன. அவற்றுக்காகவே 1990இல் சரணாலயம் அமைந்தது. நீரும் தீனியும் தேடிப் புறப்பட்ட குடும்பங்கள், வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்டன. அயல்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இக்கதை எளிதில் விளங்கும். ஆனால் அவ்வழியில் கரும்புத் தோட்ட ஓரத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழிக்க வேண்டாம். விளைநிலங்களுக்கு யானைகள் வருவது இரவில்தான்.

படுக்கைக்கு நல்ல இடத்தை முதலில் தேடிக்கொள்ளுங்கள். காட்சிகள் விடிந்தபின் காத்திருக்கும். நலமே சென்று வருக.