ஏலக்காய்த் தோல்

பாயசத்துக்கு ஏலக்காயை உரித்துவிட்டுத் தோலைக் குப்பையில் போடுகிற வீட்டில் எனக்குச் சட்டென்று ஒட்டுதல் வராது. தேவாரம் ஊரில் எங்கள் அம்மாயி வீட்டில் அந்தத் தோல் நேராக டீத்தூள் டப்பாவுக்குள் போகும். மணமெல்லாம் உள்ளே இருக்கும் அரிசிக்குத்தான். தோலில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை மூடி வைத்தால் டப்பா முழுக்க மணக்கும்.

அம்மாயி இளவயதில் மலைக்குக் காய் எடுக்கப் போனவள். தோட்டத்து அட்டையைப் பற்றியோ மழையைப் பற்றியோ அதிகம் சொல்லமாட்டாள். காய் உலர்த்தும் ஸ்டோரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அடுப்பில் விறகு எரியும். சூடு குழாய் வழியே அறையைச் சுற்றிவரும். தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். ஐம்பது டிகிரியை ஒட்டி ஒரு நாள், ஈரம் அதிகமென்றால் ஒன்றரை நாள். அனல் மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும், விலையும் போய்விடும். அதனால் ராத்திரியெல்லாம் ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் வற்றி ஒரு கிலோ ஆகும். நாலு கிலோ தண்ணீரை விரட்டத்தான் அத்தனை விறகும். “இந்தத் தோலு காய எம்புட்டுக் கொப்பு எரிஞ்சிருக்கும், தூரப் போடுறியாக்கும்?” என்பாள்.

ஊரில் இதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். அவளோ கேட்டவர்களுக்குக் காயைக் கை நிறைய அள்ளிக் கொடுத்தவள். கொடுப்பதில் தாராளம், எறிவதில் மட்டும் கறார்.

2019-இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது எங்கள் தெருவே தோலைச் சேர்த்து வைத்தது. விலை இறங்கியதும் தோல் பழையபடி குப்பைக்குப் போனது. அம்மாயி கணக்குப் பார்த்தது விறகை வைத்து. அதனால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அவள் டப்பா மாறவில்லை.

மின்சாரத்துக்கு அப்படி ஒரு ஸ்டோர் நம் கண்ணில் படுவதில்லை. 2016 முதல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எரியும் நிலக்கரியும் தெரியாது, பில்லும் வராது. ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியை நிறுத்தப் போனால், “நூறுக்குள்ளதானே, ஓடட்டும்” என்கிறார்கள். ஏழை வீட்டுக்கு அந்தச் சலுகை வேண்டியதுதான். ஆனால் காசு மிச்சமானால் கரியும் மிச்சமான மாதிரி நினைத்துக்கொள்கிறோம்.

2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். நாம் அதையும் நம் வழிக்கே கொண்டுவந்துவிட்டோம்: விசேஷத்துக்கு விசேஷம் புதுப் பை, பரண் நிறையப் பை, கடைக்குப் போவது மட்டும் வெறுங்கையோடு. ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பையால் பூமி குறைவாகச் சூடேற வேண்டுமானால் அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கணக்கிட்டுச் சொன்னது. பருத்தி விளையவும் நூற்கவும் நெய்யவும் அவ்வளவு செலவாகிறது. அம்மாயியின் சந்தைப் பை அந்தக் கணக்கை எப்போதோ தாண்டியிருக்கும். பரணில் கிடக்கும் பைகள் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.

அடுத்த கல்யாண வீட்டில் பையை நீட்டினால், “வீட்டில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத் தேங்காயை மட்டும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.