பழைய ரம்பம் வாங்கப் போனோம்

தமிழ் இலக்கியம் நடத்துகிறவனுக்கு மரம் அறுக்கும் இயந்திரத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சென்ற இரண்டு மாதங்களில் நான் வாசித்தவற்றுள் பாதிக்கு மேல் சங்கிலி ரம்பங்களின் கையேடுகள்தாம். என்னிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடிந்தபின் எட்டாண்டுகளாகப் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் மரம் அறுக்கும் தொழில் செய்து வருகிறார். இதுநாள்வரை அடுத்தவர் இயந்திரத்தைக் கூலிக்குப் பிடித்தவர், இப்போது சொந்தமாக ஒன்று வாங்க விரும்பினார். கையில் 30,000 ரூபாய் இருந்தது. அதில் பெரும்பகுதி மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பெற்றது. தொழில்முறை இயந்திரம் புதிதாக வாங்க அது போதாது. "ஐயா, நீங்க இங்கிலீஷ்ல இருக்கறதப் படிச்சுப் பாத்துச் சொல்லுங்க. பழைய காலத்து மெஷின் எடுக்கவா, இப்ப வர்றத எடுக்கவா?" என்றார். அந்த வினாவுக்கு விடை தேடியதில்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பக்கத்தில் பழைய ரம்பங்கள் இத்தனை கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரத்தை அகற்றினால்தான் மறுகன்று நட முடியும். கோடாரியும் இருவர் இழுக்கும் வாளும் அந்த வேலைக்கு எம்மாத்திரம்? கடன்பட்டு ரம்பம் வாங்கினார்கள். வேலை தீர்ந்தபின் அவற்றுள் பல சாக்குப்பைக்குள் போயின. இன்றும் ஒவ்வொன்றாக விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

தென்னையை அறுப்பது தேக்கை அறுப்பது போன்றதன்று. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் பகுத்து வைக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் செய்திதான். ஆனால் அதன் பொருளை என் மாணவர் வாயால் கேட்டபோதுதான் அது எனக்குக் கைக்கெட்டியது: "உள்ள தவிடு மாதிரி ஐயா. சுத்தி இருக்கறதுதான் இரும்பு." ரம்பத்தின் பல் அந்தப் புறவளையத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் திணறுகிறது. விழுந்து கிடந்த மரமென்றால் பட்டையில் ஒட்டிய மணலும் சேர்ந்து பல்லை மழுக்குகிறது. பல் மழுங்கினால் அறுப்பவர் தோளைக் கொடுத்து அழுத்துகிறார். அழுத்த அழுத்த இயந்திரம் சூடேறுகிறது, அதிர்வும் கூடுகிறது. தென்னந்தோப்பில் உழைத்த ரம்பம் ஆண்டுக் கணக்கில் இளையதாக இருந்தாலும் உடம்பில் கிழடாகியிருக்கலாம் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள பழுதுபார்ப்புக் கடையொன்றில் மூன்று இயந்திரங்கள் விற்பனைக்கு இருந்தன. மூன்றும் ஸ்டீல் நிறுவனத்துடையவை. முதலாவது 070. 106 சி.சி. திறன், வழித்தகடும் சங்கிலியும் இல்லாமலேயே பத்துக் கிலோவுக்கு மேல் எடை. இரண்டாவது 59 சி.சி. கொண்ட எம்.எஸ். 361. மூன்றாவது, அதே 59 சி.சி.யில் பின்னர் வந்த 362-இன் கணினிக் கட்டுப்பாட்டு வடிவம். வெளிநாட்டுச் சரக்கோடு வந்ததாம். விலை முறையே 17,000, 24,000, 36,000 என்றார் கடைக்காரர். மூன்றாவதற்கு மீதியைத் தவணையில் தரலாம் என்றும் சொன்னார்.

மாணவரின் கண் 070-இல்தான் நிலைத்தது. அது அவருடைய தாய்மாமன் வழி வந்த நம்பிக்கை. அவர் அதே காலத்தைச் சேர்ந்த வேறொரு பெரிய இயந்திரத்தை இருபது ஆண்டுகள் வைத்திருந்தவர். பழைய இயந்திரங்களின் மீதான இந்தப் பற்று பொய்யன்று. உடல் முழுதும் உலோகம், உறுப்புகள் குறைவு, திருப்புளியும் சாவியும் இருந்தால் மரத்தடியிலேயே பிரித்து மாட்டலாம். மலைக்காடுகளில் பெருமரங்களைப் பலகையாக அறுப்போர் அவ்வகையை விடாமல் வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் அதில் கைப்பிடிக்கும் இயந்திர உடலுக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் ஏற்பாடு ஏதுமில்லை. கடையில் இருந்ததில் செயின் பிரேக்கும் இல்லை.

நான் அந்தத் தாய்மாமனைப் பார்த்திருக்கிறேன். மார்கழிக் காலையில் தேநீர்க் குவளையை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிப்பார். விரல் நுனிகள் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்திருக்கும். சட்டைப் பொத்தானைப் பேரப்பிள்ளை போட்டுவிட வேண்டும். ஊரில் இதை வாதம் என்கிறார்கள். மருத்துவ உலகம் இதை நூறாண்டுக்கு மேலாக அறியும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில், காற்றழுத்தச் சுத்தியல் பிடித்த தொழிலாளரின் விரல்கள் வெளிறுவதை ஆலிஸ் ஹாமில்டன் 1918-ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். 1960-களில் ஜப்பானிய வனத்துறைத் தொழிலாளரிடம் ரம்பத்தால் இதே நோய் பரவியபோது அங்கே அதற்கு வெண்மெழுகு நோய் என்று பெயரிட்டார்கள். அதிர்வு விரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. முற்றினால் மீட்பது அரிது. கைப்பிடியை இயந்திரத்திலிருந்து ரப்பராலோ சுருள்வில்லாலோ பிரித்து நிறுத்தும் அமைப்பு பரவியது இந்த விரல்களின் பொருட்டுத்தான்.

செயின் பிரேக் இன்னும் நேரடியான விஷயம். வழித்தகட்டின் மூக்கு, அதிலும் மேற்பகுதி, எதிலாவது பட்டால் ரம்பம் கண்ணிமைப்பதற்குள் எகிறி அறுப்பவரின் கழுத்தையோ தோளையோ நோக்கி வரும். முன்கைக்கு எதிரே உள்ள தடுப்புப் பலகை முன்னோக்கித் தள்ளப்பட்டதும் சங்கிலி நொடியின் சிறு பங்கில் நின்றுவிட வேண்டும். குவியலாகக் கிடக்கும் தென்னைகளுக்கு நடுவே மூக்கு எதில் படும் என்று யாரால் சொல்ல முடியும்? "தம்பி, இது எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்" என்றேன். மாணவர் மறுமொழி சொல்லவில்லை. மாமாவின் விரல்களை என்னைவிட அதிகம் பார்த்தவர் அவர்.

இனி மூன்றாவது இயந்திரம். என்னை உண்மையில் தடுமாற வைத்தது இதுதான். சாதாரண இருவீச்சு எந்திரத்தில், எரிந்த புகை வெளியேறும் அதே வேளையில் புதிய எரிபொருள் கலவையும் உள்ளே வருவதால் அதில் ஒரு பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியே வீணாகப் போய்விடுகிறது. பெட்ரோலுக்கும் கேடு, அந்தப் புகையிலேயே நிற்பவரின் நெஞ்சுக்கும் கேடு. மேலை நாடுகளின் மாசுக் கட்டுப்பாடுகள் இறுகியபின் வந்த இயந்திரங்களில், முதலில் வெறுங்காற்று நுழைந்து புகையை வெளியே தள்ளுகிறது. அதன் பின்னால்தான் கலவை வருகிறது. இதற்கு மேல், கார்பரேட்டரைத் திருகாணியால் சரிசெய்யும் வேலையை ஒரு சிறு கணினி எடுத்துக்கொள்கிறது. ஸ்டீல் இதை எம்-ட்ரானிக் என்கிறது, ஹஸ்க்வர்னா ஆட்டோட்யூன் என்கிறது. 2019-இல் வந்த எம்.எஸ். 500ஐ கார்பரேட்டரையே கைவிட்டு, எரிபொருளைத் தெளிக்கும் முறைக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் பகட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. இந்தியாவில் 2025-இல் எங்கும் பரவிவிட்ட 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜன் கொண்டது. கலப்பற்ற பெட்ரோலுக்கென்று திருகி வைத்த கார்பரேட்டரில் அதை ஊற்றினால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை கூடுதலாகச் சூடேறும், பிஸ்டன் கீறிக்கொள்ளும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நாள்பட வைத்தால் நீரோடு அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் கெடும். பல மாதிரிகளின் கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றே சொல்கின்றன. கணினி உள்ள இயந்திரம் கலவையின் மெலிவை உணர்ந்து தானே சரிசெய்துகொள்கிறது. பழையதுதான் எதையும் தாங்கும் என்ற பேச்சு பழைய பெட்ரோல் இருந்த காலத்துப் பேச்சு.

ஆயினும் மாணவர் ஒரு கேள்வி கேட்டார்: "இது நின்னு போச்சுன்னா யார்கிட்ட போறது?" கார்பரேட்டரில் உள்ள மின்காந்த வால்வு பழுதானாலோ, கணினிப் பகுதி கெட்டாலோ, எது பழுது என்று கண்டறியவே நிறுவனத்தின் கருவி வேண்டும். அதை வைத்திருப்பவர் தம் சுற்றுவட்டாரத்தில் யாருமில்லை என்பதை அவர் முன்னரே விசாரித்து வைத்திருந்தார். உதிரிப்பாகத்தைத் தருவித்து மாட்ட ஒரு வாரம் ஆனால், ஒரு வாரக் கூலி போயிற்று. அடகுக்கடை வட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை. இதே இயந்திரத்தை, நிறுவனப் பணிமனை பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் வாங்கினால் அவர் செய்வது சரியே. இருவருக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை.

எஞ்சியது நடுவில் இருந்த 361. கைப்பிடியைச் சுருள்வில் தாங்குகிறது, செயின் பிரேக் இருக்கிறது, கார்பரேட்டரில் கைக்கெட்டும் திருகாணிகள் இருக்கின்றன. எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்பக் கலவையைச் சற்றே கூட்டி வைக்கத் தெரிந்த மெக்கானிக் அவருடைய ஊரிலேயே உண்டு. அந்த இடைக்காலத் தலைமுறை எங்கள் பக்கத்து நிலைமைக்குப் பொருந்தி வருகிறது என்பதே என் துணிபு.

ஆனால் மாதிரியைத் தேர்ந்ததோடு வேலை முடிவதில்லை. இந்தக் குறிப்பிட்ட இயந்திரம் என்ன பாடுபட்டது என்று பார்க்க வேண்டும். நாங்கள் முன்னறிவிப்பின்றிப் போனோம். வாங்குபவர் வருகிறார் என்று தெரிந்தால் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைப்பவர்கள் உண்டு. குளிர்ந்த இயந்திரம் எத்தனை இழுப்பில் எழுகிறது என்பதுதான் சோதனை. அதற்கு முன், இழுகயிற்றின் பிடியை மட்டும் பற்றி இயந்திரத்தைத் தொங்கவிட்டார் மாணவர். அது விட்டுவிட்டு மெல்ல இறங்கியது. சிலிண்டருக்குள் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். கல்லாக விழுந்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கலாம். பின்பு சைலன்சரைக் கழற்றச் சொன்னோம். கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார். கழற்றியதும் வெளியேற்றுத் துளையின் வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தோம். வழவழப்பாக இருந்தது, நெடுக்குவாட்டுக் கீறல் இல்லை. இந்தப் பக்கம் கீறல் இருந்தால் சூட்டாலோ எண்ணெய்ப் பற்றாக்குறையாலோ வந்தது என்று கொள்ளலாம். லிட்டருக்கு 20 மில்லி டூடி எண்ணெய் என்ற கணக்கைக் குத்துமதிப்பாக ஊற்றியவர்களின் கைவண்ணம் அது. உள்ளிழுக்கும் பக்கத்தில் கீறல் இருந்தால் காற்று வடிகட்டியைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. அதைப் பார்க்கக் கார்பரேட்டரையும் கழற்ற வேண்டும். அதையும் செய்யச் சொன்னபோது கடைக்காரர் என்னைப் பார்த்து, "சாருக்கு எந்த ஒர்க்‌ஷாப்?" என்றார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகழ்பெற்ற மாதிரிகளுக்கெல்லாம் போலிகள் வந்துவிட்டன. முழுப் போலியைக் கண்டுபிடிப்பது எளிது. வார்ப்பின் கரடும் எழுத்தின் கோணலும் காட்டிக்கொடுக்கும். அசல் உடலுக்குள் போலிச் சிலிண்டரும் பிஸ்டனும் மாட்டியதுதான் கடினம். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இடைச்செருகலோடு பட்ட பாட்டை எனக்கு இது நினைவூட்டியது. சொல்லும் யாப்பும் பொருந்தி வரும், ஆனால் கை வேறு. சிலிண்டரில் வார்ப்பாக நிற்கும் தயாரிப்பாளர் குறியைத் தேடிப் பார்த்தோம், இருந்தது. உடலில் பொறித்த எண்ணையும் எழுதிக்கொண்டோம்.

மாட்டியபின் மூன்றாவது இழுப்பில் எழுந்தது. மெதுவோட்டத்தில் சங்கிலி அசையாமல் நின்றது. விசையை முடுக்கி விட்டதும் வேகம் தணியத் தயங்கவில்லை. தயங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது, பெரும்பாலும் சுழல்தண்டின் இருபுற அடைப்பு வளையங்களில். பிரேக் பலகையைத் தள்ளினார், பட்டென்று நின்றது. ஆனால் சங்கிலியை இழுக்கும் பல்சக்கரம் நன்றாகத் தேய்ந்திருந்தது. சங்கிலியோ பாதிப் பல்லோடு.

சங்கிலியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. இன்றைய ரம்பப் பல்லின் வடிவம், அமெரிக்க ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடையும் வண்டுப்புழு தன் தாடைகளால் இருபுறமும் மாறி மாறி அரிந்து செல்வதைப் பார்த்து வகுத்தது. 1947-இல் விற்பனைக்கு வந்தது. அடிப்படை அதன்பின் பெரிதாக மாறவில்லை. எந்தத் தலைமுறை இயந்திரமானாலும் சங்கிலி புதிதாக இருந்தால் அதன் வலிமை பாதி கூடிவிடும். பழைய இயந்திரம் வாங்குவோர் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைத்துவிட்டே விலை பேச வேண்டும். குறளில் அரம் ஓரிடத்தில் கூர்மைக்கும் மற்றோரிடத்தில் தேய்த்து அழிப்பதற்கும் உவமையாக வரும். தென்னை அறுப்பவர் பையில் இந்த இரண்டு வேலையையும் ஒரே அரம் செய்துகொண்டிருக்கிறது.

பல்சக்கரத்தைக் காட்டிப் பேரம் தொடங்கினார் மாணவர். அங்கே எனக்கு வேலையில்லை. முக்கால் மணி நேரத்தில் 24,000 என்பது 21,500 ஆயிற்று. பல்சக்கரமும் கடைக்காரர் பொறுப்பு. மீதிப் பணத்தில் இரண்டு சங்கிலிகள், 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம் அரை டஜன், தடித்த கையுறை ஒரு சோடி, காதடைப்பான் ஒன்று. கையுறையை மட்டும் வேண்டாமென்று எடுத்து வைக்கப் போனார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பையிலேயே போட்டுக்கொண்டார்.